கொக்கு வக்கீல்

உலகத்தில் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. பார்க்கத் தெரிந்தவனுக்கு ஒரு பார்வை போதும். தெரியாதவன்தான் விரலை மடக்குவான். இந்த உண்மையைத் தரகர், தன் அத்தானின் சாவு வீட்டு வாசலில், வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டே நாற்காலிக் கடைக்காரனுக்கு எடுத்துச் சொன்னார்.

“அம்பது இருக்கு. நான் எண்ண மாட்டேன். பார்த்தாலே தெரியும்.”

“நாப்பத்தி நாலு சார். நான்தானே ஏத்தினேன்.”

“ஏத்தும்போது நாப்பத்தி நாலா இருந்திருக்கும்.”

சாவு வீட்டில் வாக்குவாதம் செய்வது அழகல்ல என்று கடைக்காரன் ரசீதில் நாற்பத்து நான்கு என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

தரகருக்கு முப்பத்து மூன்று வயது. நிலம் வாங்கிக் கொடுப்பதும் விற்றுக் கொடுப்பதும் தொழில். மனையின் ஒரு மூலையில் நின்று கண்ணைச் சுருக்கினால் எத்தனை சதுர அடி என்று சொல்லிவிடுவார். பிறகு நாடா பிடித்து அளக்கிறவர்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். அதற்கு அவர் என்ன செய்ய முடியும், நாடா அப்படி.

கூடத்தில் படுத்திருந்தவர் அவருடைய அக்காவின் கணவர். பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். முந்தாநாள் வரை ஒரு தலைவலிகூடச் சொன்னதில்லை. நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய மணிக்கட்டை விட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினார். அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“உங்க கடிகாரம் மூணு நிமிஷம் வேகமா ஓடுது டாக்டர்,” என்றாள்.

டாக்டர் அடித்துத் திருத்தினார். தரகருக்குத் தெரிந்து, அக்கா அழவில்லை.

பதினோரு மணிக்கு வர வேண்டிய அமரர் ஊர்தி பதினொன்று நான்குக்கு வந்தது. வாசலில் நின்ற டெப்போ டிரைவர்கள் ஏழெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தர் மட்டும், “அவர் இருந்திருந்தா இதுக்கு மெமோ,” என்று வாய்க்குள் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வண்டியில் தூக்கி வைக்கும்போது எல்லோரும் கொஞ்சம் சீக்கிரமாகவே தூக்கினார்கள்.

*

அத்தானுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. டெப்போவுக்குப் பின்னால் முப்பது ஏக்கர் சதுப்பு. பாதி தண்ணீர், பாதி கோரை, நடுவில் ஒரு திட்டு, திட்டில் மரங்கள். டைம்கீப்பரின் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தது. ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வரும்வரை எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர் பறவைகளை எண்ண ஆரம்பித்தார். சாயங்காலம் அடைய வரும் கொக்கு, நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாவற்றையும் எண்ணினார். எந்த நேரத்துக்கு வருகிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் குறித்தார். பஸ்ஸைவிடப் பறவைகள் ஒழுங்காக வருகின்றன என்று ஒருமுறை மேலதிகாரிக்கு அறிக்கையே கொடுத்தார்.

அதோடு நின்றிருந்தால் வீட்டோடு போயிருக்கும். நகரசபையில் பொது நிலப் பாதுகாப்பு நிதி என்று ஒன்று உண்டு. வீட்டு வரியோடு சேர்த்து எல்லோரிடமும் துளித்துளியாக வாங்குவது. வேலி போடவும் காவலுக்கு ஆள் வைக்கவும் அதிலிருந்து பணம் வரும். எந்தெந்த நிலத்துக்கு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சதுப்பை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அத்தான் ஒன்பது வருடம், மாதம் தவறாமல், நகரசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். அவர் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடியில் முடித்து, மிச்சப் பத்து விநாடியில் நன்றி சொல்லி உட்காருவார். ‘கொக்கு வக்கீல்’ என்று அவருக்குப் பெயர் வைத்தவர் தரகர்தான். பெயர் ஊர் முழுக்கப் பரவியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“கட்சிக்காரன் பீஸ் குடுக்கிறானா அத்தான்?”

“தலையில குடுக்கிறான்டா,” என்பார் அத்தான், தொப்பியைக் கழற்றிக் காட்டி. தொப்பி உண்மையிலேயே எச்சத்தில் வெள்ளையாக இருக்கும்.

பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு நிபந்தனையோடு: வருடத்துக்கு இரண்டு தடவை, நகரசபை சொல்லும் வாரத்துக்குள், ஒரு சாயங்காலம் இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவராவது போன தடவை எண்ணியவராக இருக்க வேண்டும். ஒரு கணக்கு தவறினாலும் நிலம் பட்டியலை விட்டுப் போகும். பட்டியலை விட்டுப் போன நிலம் ஏலத்துக்கு வரும்.

அந்த ஏலத்துக்காக ஊரில் ஒருவர் காத்திருந்தார். மரவாடி முதலாளி. அவருக்கு மரம் ஏற்றும் லாரிகளை நிறுத்த இடம் வேண்டும். அவருடைய தரகர் யார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

“எங்க அத்தான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது முதலாளி,” என்று தரகர் அவரிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். வெறும் தகவலாகத்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது மரவாடி முதலாளி பக்கத்துக் குழாயில் வந்து நின்றார். பெரிய மலர்வளையம் வைத்தவர் அவர்தான்.

“நல்ல மனுஷன். எனக்கு ராத்திரி பூரா மனசே சரியில்ல.” குழாயை மூடினார். “இனிமே அங்க யாரும் எண்ண மாட்டாங்க இல்ல?”

தரகர் கையை உதறினார். “இன்னிக்குப் போய் இதை…”

“சேச்சே, சும்மா கேட்டேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒண்ணுமே செய்ய வேண்டாம்.”

தரகு வேலையில் இவ்வளவு சுலபமான வேலை அவருக்கு இதுவரை வந்ததில்லை.

*

இரண்டு மணிக்கு வீடு காலியாகிவிட்டது. அக்கா சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ, “நீ உட்காரும்மா,” என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தரகர் மேஜையில் உட்கார்ந்து, கழுவியதைத் துடைத்து அடுக்கினார்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். நகரசபை எழுத்தர் அம்மா வந்தார். காலையில் கூட்டத்தோடு வந்து போனவர்தான். இப்போது கையில் ஒரு கோப்பு.

“இன்னிக்கு இதைக் கொண்டு வர்றதுக்கு எனக்கே கூச்சமா இருக்கு,” என்றார். “ஆனா இன்னிக்குத்தான் வாரத்தோட கடைசி நாள். கொண்டு வரலைன்னா நாளைக்கு நீங்க கேட்பீங்க.”

“கேட்டிருப்பேன்,” என்றாள் அக்கா. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “இன்னிக்கு சாயங்காலம் போறதாத்தான் இருந்தார். திங்கட்கிழமை மழை, அப்புறம் மூணு நாள் பனி மூட்டம். தெளிவா இருக்கிற நாளாப் பார்த்து இன்னிக்கு வச்சிருந்தார்.”

“யார் போறது?” என்றார் தரகர்.

“நானும் நீயும்.”

“நான் எதுக்கு?”

“போன தடவை எண்ணினவங்க ரெண்டு பேரு. ஒருத்தர் இப்பதான் போய்ச் சேர்ந்தார். இன்னொருத்தன் டம்ளர் துடைக்கிறான்.”

அது உண்மை. வழக்கமாக அத்தானோடு உட்காரும் மருந்துக் கடைக்காரர், தன் மகள் வீட்டோடு இருக்க வேறு ஊர் போய்விட்டார். அதனால் ஆறு மாதத்துக்கு முன், வேறு ஆள் கிடைக்காமல், அத்தான் தரகரைக் கூட்டிக்கொண்டு போனார். இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா கோழி வறுத்துத் தருவாள் என்ற உறுதிமொழியின் பேரில்.

“அக்கா, மனுஷன் போயிட்டார். கொக்குக்கு இன்னிக்கு ஒரு நாள் லீவு விடலாம். ஊரே ஒத்துக்கும்.”

“ஊர் ஒத்துக்கும். அடுத்த மாசம் லாரி வந்து நிக்கும்.” அவள் ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சரியில்லை என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். “யாரு லாரின்னு உனக்குத்தான் தெரியுமே.”

தரகர் அந்த டம்ளரை நெடுநேரம் துடைத்தார்.

எழுத்தர் அம்மா கோப்பைத் திறந்து வெற்றுப் படிவங்களை எடுத்து வைத்தார். கூடவே போன தடவைக் கணக்கின் நகல். ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் கொடுப்பதுதான். அந்த நகலைப் பார்த்ததும் தரகருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆறு மாதமாக அதை மறந்தே போயிருந்தார்.

போன தடவை, பொழுது போகாமல், அத்தான் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில், படிவத்தின் கடைசி வரியில் தரகர் எழுதியிருந்தார்: ‘நெருப்புக்கோழி – 1. நடந்து வந்தது.’

அக்கா கை நீட்டுவதற்குள் நகலை இழுத்துக்கொண்டார். நெருப்புக்கோழி அங்கேதான் இருந்தது. அத்தான் அதை அடிக்கவில்லை. டெப்போவில் டைம்கீப்பர் எழுதியதை அடிக்கக் கூடாது. தவறு என்றால் கீழே காரணம் எழுத வேண்டும். முப்பத்தோரு வருடப் பழக்கம். கீழே, பஸ் எண் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் இருந்தது:

‘மேற்கண்ட நெருப்புக்கோழியை நான் பார்க்கவில்லை. இது என் மைத்துனர் தமாஷுக்கு எழுதியது, மொத்தத்தில் சேர்க்கப்படவில்லை. மைத்துனர் 4.00 முதல் 6.35 வரை உடனிருந்தார். இதில் 4.50 முதல் 5.30 வரை தூங்கினார். அந்த நாற்பது நிமிடமும் அவர் பக்கத்தையும் நானே எண்ணினேன். மற்ற நேரத்தில் அவர் சொன்ன எண்கள் கண்பார்வையாகச் சொன்னவை என்பதால், அவற்றையும் நான் சரிபார்த்தே எழுதியிருக்கிறேன்.’

தரகர் இரண்டு தடவை படித்தார்.

“இதை ஆபீஸ்ல யாராவது பார்த்தாங்களா?”

“பார்க்காம?” என்றார் எழுத்தர் அம்மா. “கூட்டத்துல படிச்சாங்க.”

“யாரு?”

“அவரேதான். மூணு நிமிஷத்துல இதுக்கு நாப்பது செகண்ட் ஒதுக்கி வச்சிருந்தார். தலைவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதுக்கு நேரம் இல்லைன்னுட்டார்.”

அக்காவின் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். அது முழுசாக வரவில்லை.

“அன்னிக்கு இந்த வருஷத்து நிதிக்கு ஓட்டு,” என்று எழுத்தர் அம்மா தொடர்ந்தார். “சதுப்புக்கு இவ்வளவு எதுக்குன்னு ரெண்டு மூணு பேர் முனகிட்டு இருந்தாங்க. கொக்குக் கணக்கே கட்டுக்கதைன்னு ஒருத்தர் எழுதியே கொண்டு வந்திருந்தார். இதைக் கேட்டுட்டு அந்தத் தாளை மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டார். நெருப்புக்கோழியையே கழிக்கிற மனுஷன் கொக்கைக் கூட்டிச் சொல்ல மாட்டார்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னார். ஒரு ஓட்டுலதான் பாஸாச்சு.”

தரகர் நகலை மேஜையில் வைத்தார். தன் பக்கமாக இல்லாமல், அக்கா பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“என் பேரை எடுத்திருக்கலாமே,” என்றார்.

“நானும் கேட்டேன். எடுத்துட்டு வேற யாரையாவது போட்டுக்கலாமேன்னு. ‘உட்கார்ந்தது உட்கார்ந்ததுதானே’ன்னார்.”

குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. தரகர் எழுந்து போய் அதை இறுக்கினார். அங்கேயே நின்றபடி, “நாலு மணிக்கு ஆரம்பிக்கணும்னா மூணே முக்காலுக்குக் கிளம்பணும்,” என்றார்.

“மூணு நாப்பது,” என்றாள் அக்கா.

*

சதுப்பின் ஓரத்து மதகுச் சுவரில் உட்கார்ந்தார்கள். அக்கா ஒரு சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்தியிருந்தாள். மடியில் அட்டை, அட்டையில் படிவம், கையில் பென்சில். திட்டின் நடுவில் பாழடைந்த பம்ப் அறை ஒன்று நின்றது. அதற்கு இடது பக்கம் அவளுக்கு, வலது பக்கம் அவருக்கு.

“எப்படி எழுதணும்னு தெரியும்ல. பறவைக்கு ஒரு கோடு. அஞ்சாவதைக் குறுக்கே போடு.”

“தெரியும்.” தரகர் திட்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். “இப்பவே என் பக்கம் ஒரு அறுபது கொக்கு உட்கார்ந்திருக்கு.”

“பிளாஸ்டிக் பைடா அது. வெள்ளத்துல வந்து கிளையில மாட்டினது. பறந்து வந்து உட்கார்றதை மட்டும் எண்ணு.”

அவர் மறுபடி பார்த்தார். அறுபதும் ஒரே திசையில் படபடத்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. அவர் கோடு எதுவும் போடவில்லை.

நாலரை வரை ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு நீர்க்காகம் வந்தது. அது உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயப்போடும்வரை தரகர் காத்திருந்து, ஒரு கோடு போட்டார். அப்புறம் மூன்று. அப்புறம் ஏழு நாரைகள் வரிசையாக வந்து, இறங்கும்போது வரிசை குலைந்து, ஒன்றோடொன்று இடம் மாறின. ஏழா, எட்டா? அவருக்கு எட்டு என்று தோன்றியது. தோன்றுவதை எழுதலாமா என்று யோசித்தார். நாரைகள் அடங்கி, ஒவ்வொரு கழுத்தாகத் தெரிந்தது. ஏழு.

“என்ன முணுமுணுக்கிற?” என்றாள் அக்கா, திரும்பாமல்.

“ஒண்ணுமில்ல.”

ஐந்தரைக்குமேல் கொக்குகள் வர ஆரம்பித்தன. பஸ்ஸைப் பற்றி அத்தான் கொடுத்த அறிக்கையில் நியாயம் இருந்தது. மேற்கிலிருந்து ஒரு கூட்டம், ஐந்து நிமிடம் கழித்து வடக்கிலிருந்து ஒன்று, மறுபடி மேற்கு. பத்துப் பத்தாக எண்ணுவது எப்படி என்று அக்கா சொல்லிக் கொடுத்தாள்: முதல் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார், பிறகு அந்த அளவைக் கூட்டத்தின்மேல் எடுத்து வை. தரகர் அப்படிச் செய்து பார்த்தார். அது அவருடைய கண்பார்வை முறைதான். ஆனால் அக்கா அப்படி எழுதிய பிறகும் ஒவ்வொன்றாக மறுபடி எண்ணிச் சரிபார்த்ததைப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவரும் ஒவ்வொன்றாகவே எண்ணினார்.

நூற்றுப் பத்தில் செல்போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். கண் திட்டின் மேலேயே இருந்தது.

“நான்தான்,” என்றது மரவாடி முதலாளியின் குரல். “நம்ம டிரைவர் ஒருத்தன் அந்தப் பக்கம் போனான். மதகுல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்கன்னான். நீங்க இல்லையே?”

தரகர் வாய்க்குள், “நூத்திப் பதினொண்ணு,” என்றார்.

“என்னது?”

“நூத்திப் பன்னெண்டு. பதிமூணு.”

“ஹலோ, சரியா கேட்கல. நான் சொன்னேனே, நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்னு…”

“நூத்திப் பதினாலு,” என்றார் தரகர். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். அந்த வருடத்திலேயே அவருக்கு வரவிருந்த பெரிய தரகு அது. பை கொஞ்சம் கனமாக இருந்தது, வெறும் போன்தான்.

போனில் யார் என்று அக்கா கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

வெயில் கோரையின் நுனிக்கு இறங்கியது. பின்னால் டெப்போவில் ஒரு வண்டி உறுமி, கியர் மாறி, வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. அக்கா மணிக்கட்டைத் திருப்பினாள்.

“ஆறு பத்து வண்டி,” என்றாள். “நாலு நிமிஷம் லேட்டு.”

யாரிடம் சொல்கிறோம் என்று பார்ப்பவள்போல மெல்லத் தலையைத் திருப்பினாள். தரகர் உட்கார்ந்திருந்த பக்கம் இல்லை, மறு பக்கம். அங்கே சுவர் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சத்தம் எதுவும் வரவில்லை. சால்வை மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் இடது பக்கத்தில், பம்ப் அறைக்கு மேலே, ஒரு கூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. எழுத யாருமில்லை.

அவள் மடியிலிருந்து அட்டை சரிந்து தரையில் விழுந்தது. தரகர் குனிந்து எடுத்து, ஒரு முழங்காலில் அவளுடைய தாளையும் மறு முழங்காலில் தன்னுடையதையும் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி சுவரில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

இடதில் நான்கு. வலதில் இரண்டு. இடதில் ஒன்பது, அதில் ஒன்று மறுபடி கிளம்பிவிட்டது, எட்டு. உதடு அசைந்தது, குரல் வெளியே வரவில்லை. அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

வெளிச்சம் மங்கியது. பைகளும் பறவைகளும் ஒரே வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தபோது, மேற்கிலிருந்து ஒரே ஒரு கொக்கு தனியாக வந்தது. வலது பக்கம் இறங்கப் பார்த்து, இடமில்லை என்றோ என்னவோ, எழும்பிப் பம்ப் அறையைச் சுற்றியது. ஒரு தடவை. இரண்டு தடவை. தரகர் பென்சிலை இரண்டு தாள்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, அது எங்கே உட்காரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.